வீட்டு நீர்க்குழாய்களை இனங்காணல்

வீட்டு நீர்க்குழாய்களை இனங்காணல் என்பது, ஒரு வீட்டில் காணப்படும் குழாய் எப்பொருளால் ஆனது, அதனுள் என்ன ஓடுகிறது, அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்பவற்றை அதை அறுப்பதற்கு முன்னரே கண்டறிவதாகும். பழைய வீடுகளில் பல காலத்துப் பழுதுபார்ப்பு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஆதலால் கட்டட வரைபடம் கையில் இருந்தாலும் அதனை முழுமையாக நம்ப இயலாது. எரிவாயுக் குழாயை நீர்க்குழாய் எனக் கருதி அறுத்தால் தீ விபத்து நேரலாம். ஈயக் குழாயை இரும்புக் குழாய் எனக் கருதி விட்டுவிட்டால் அவ்வீட்டுக் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

ஈயக் குழாய்கள்

ஈயத்தின் இலத்தீன் பெயர் பிளம்பம் என்பதாகும். குழாய் வேலை செய்பவரைக் குறிக்கும் பிளம்பர் என்னும் சொல் இதிலிருந்தே வந்தது. ஈயம் மென்மையானது, எளிதில் வளையக்கூடியது என்பதால் தெருக் குழாயையும் வீட்டையும் இணைக்க இது விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் 1970க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயக் குழாய் இருக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் புதிய ஈயக் குழாய்கள் 1986 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தடை செய்யப்பட்டன. சிக்காகோ நகரில் அதுவரை, வீட்டிணைப்புக்கு ஈயக் குழாயையே இட வேண்டும் என விதி இருந்தது.

ஈயக் குழாயை இனங்காண ஒரு சாவியும் ஒரு காந்தமும் போதும். நீர் வீட்டினுள் நுழையும் இடத்தில், மீட்டருக்கு முன்னுள்ள குழாயின் மேலிருக்கும் அழுக்கையும் வண்ணப்பூச்சையும் துடைத்துவிட்டுச் சாவியால் மெல்லக் கீற வேண்டும். கீறிய இடம் வெள்ளி போல் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிடில் அது ஈயம். காந்தம் ஒட்டினால் அது இரும்பு அல்லது எஃகு. கீறல் செம்பழுப்பாக இருந்தால் அது செம்பு. ஈயக் குழாயின் மூட்டுகள் மரையிட்டு இணைக்கப்படுவதில்லை. உருக்கிய உலோகத்தைத் துணியால் வழித்து மூடுவதால் அவ்விடம் வெங்காயம் போல் உப்பியிருக்கும்.

இச்சோதனை கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சுவரருகே புதிய செம்புக் குழாய் இருந்தாலும், மண்ணுக்கடியில் தெரு வரை பழைய ஈயக் குழாயே இருக்கலாம். எனவே நீர் வழங்கும் அமைப்பின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேரம் குழாயில் தேங்கிய நீரை முதலில் பிடித்து ஆய்வகத்தில் சோதிப்பதும் வழக்கம். உலக சுகாதார அமைப்பு தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆகும். நீரைக் கொதிக்க வைப்பதால் ஈயம் நீங்காது.

ஈயக் குழாய் பல ஆண்டுகள் தொல்லையின்றி இருந்துவிட்டுத் திடீரெனத் தீங்கு செய்யக்கூடும். நீரில் சேர்க்கப்படும் பாசுபேட்டு குழாயின் உட்புறத்தில் ஒரு படலத்தை உருவாக்கி ஈயம் கரைவதைத் தடுக்கும். மிச்சிகன் மாநிலத்தின் பிளிண்ட் நகரம் 2014 ஏப்பிரலில் ஆற்று நீருக்கு மாறியபோது இந்த அரிப்புத் தடுப்பு செய்யப்படவில்லை. படலம் சிதைந்து ஈயம் குடிநீரில் கலந்தது. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. அங்கு குழாய்கள் மாறவில்லை, நீர்தான் மாறியது.

பிற உலோகக் குழாய்கள்

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், அதாவது ஜி.ஐ. குழாய், சாம்பல் நிறமுடையது; மரையிட்டு இணைக்கப்படும். இதன் உட்புறம் துருவேறிக் குறுகுவதால் நீரின் வேகம் குறையும். ஈயக் குழாய்க்குப் பின்னால் இது இணைக்கப்பட்டிருந்தால், அதன் துருவில் ஈயத் துகள்கள் தங்கியிருந்து பின்னர் வெளிப்படலாம்.

அமெரிக்கச் செம்புக் குழாய்களில் சுவரின் தடிமனை எழுத்தின் நிறம் காட்டும்: தடித்ததற்குப் பச்சை, இடைப்பட்டதற்கு நீலம், மெல்லியதற்குச் சிவப்பு. 1986க்கு முந்தைய செம்புக் குழாய்களின் மூட்டுகளில் ஈயம் கலந்த பற்றாசு இருக்கலாம்.

நெகிழிக் குழாய்கள்

இவற்றை இனங்காண்பது எளிது; பெரும்பாலும் பெயர் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பிவிசி வெந்நீருக்கு ஏற்றதன்று. பாலாடை நிறமுள்ள சிபிவிசி வெந்நீரைத் தாங்கும். வளையக்கூடிய பெக்ஸ் குழாய் பெரும்பாலும் சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களில் வரும். வட அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பொருத்தப்பட்ட சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் குழாயைத் தனியே கவனிக்க வேண்டும். குளோரின் கலந்த நீரால் இக்குழாயும் இதன் இணைப்புகளும் நொறுங்குவதால் வழக்குகள் தொடரப்பட்டு, இது சந்தையிலிருந்து மறைந்தது. இதன் மேல் பெரும்பாலும் 'பிபி2110' என்னும் குறியீடு காணப்படும்.

என்ன ஓடுகிறது எனக் காணல்

மேலை நாடுகளின் பழைய வீடுகளில் எரிவாயு பெரும்பாலும் பூச்சற்ற கரிய இரும்புக் குழாயில் செல்லும். வண்ணம் பூசியிருந்தால் நிறத்தை நம்பலாகாது. குழாயைப் பின்தொடர்ந்து அது எந்த மீட்டரில் முடிகிறது எனப் பார்ப்பதே சரியான முறை. கூரைக்கு மேல் திறந்து நிற்கும் தடித்த குழாயில் நீர் ஓடாததால் அது பயனற்றது எனச் சிலர் அறுத்துவிடுகின்றனர். அது கழிவுநீர்க் குழாயின் காற்றுப் போக்கி. அதனை நீக்கினால் சாக்கடை வளி வீட்டினுள் வரும்.

பழைய வீடுகளில் உலோக நீர்க்குழாயே மின் நிலத்தொடுப்பாகவும் பயன்பட்டிருக்கலாம். அதன் நடுப்பகுதியை நெகிழிக் குழாயாக மாற்றினால் நிலத்தொடுப்பு அறுபடும். ஆகவே முதலில் மின்பணியாளரிடம் கேட்க வேண்டும். வெந்நீர்க் குழாயின் மேல் சுண்ணாம்பு போன்ற வெண்ணிறப் பழைய உறை இருந்தால் அது கல்நாராக இருக்கலாம். அதனைக் கீறிப் பார்க்கக் கூடாது.

இந்தியாவில்

இந்தியத் தர நிர்ணயப்படி ஜி.ஐ. குழாய்களில் நிறப்பட்டை இடப்படுகிறது: மெல்லியதற்கு மஞ்சள், நடுத்தரத்திற்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு. கடைகளில் இவை முறையே ஏ, பி, சி கிளாஸ் எனப்படுகின்றன. இங்கு ஈயம் பற்றிய கவலை வேறு வகையானது. பிவிசி தயாரிப்பில் ஈயச் சேர்மங்கள் நிலைநிறுத்தியாகச் சேர்க்கப்பட்டு வந்தன. இதனைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021 ஆம் ஆண்டு விதிகளை வெளியிட்டது. பழைய பிவிசி குழாயில் ஈயம் உள்ளதா என்பதைச் சாவியாலோ காந்தத்தாலோ அறிய முடியாது. ஆய்வகச் சோதனையே வழி.