மூளையைத் தட்டி எழுப்பலாமா?

குடும்பத்தில் ஒருவருக்குப் பாரிசவாயு கண்டுவிட்டால், உயிர் பிழைப்பாரோ என்னும் கவலையிலேயே முதற் சில நாட்கள் கழிந்துவிடுகின்றன. பிழைத்த பின்னர் அடுத்த கவலை பிறக்கிறது. விழுந்த கை எழுமா? குழறும் நா தெளியுமா? அறுவை ஏதுமின்றி, காந்தத்தாலும் மெல்லிய மின்சாரத்தாலும் மூளையைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இக்கேள்விக்கு விடையாகப் பேசப்படுகிறது. நம் நாட்டுப் பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றிலும் அது நடைபெறுகிறது. பல நாள் தொடர்ந்து செய்யவேண்டியது; ஆதலின் பொருட்செலவும் உண்டு. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அன்பர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

மூளையின் அணுக்கள் தமக்குள் பேசிக்கொள்வது மின்துடிப்புகளால். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தி அவற்றை இயக்கலாம் எனினும், மண்டையோடு குறுக்கே நிற்கிறது. அதைக் கடக்கும் அளவுக்கு வலிய மின்சாரம் தலைத்தோலைத் துன்புறுத்தும். காந்தப் புலத்துக்கோ எலும்பு ஒரு தடையன்று. மாறுகின்ற காந்தப் புலம் அருகிலுள்ள கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்பதை 1831-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே காட்டிவிட்டார். அந்தக் கம்பியின் இடத்தில் மனித மூளையை வைத்துப் பார்த்தவர்கள், இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரின் அந்தோணி பார்க்கரும் அவருடைய தோழர்களும் ஆவர். 1985-ஆம் ஆண்டில் அவர்கள் ஒருவரின் தலைமேல் கம்பிச் சுருளொன்றைப் பிடித்து, அதனுள் வலிய மின்னோட்டத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய பொழுது பாய்ச்சினார்கள். எதிர்ப்புறத்துக் கை தானே துடித்தது! கீறலில்லை, பெரிய வலியுமில்லை. ஆயினும் இக்காந்தத் தட்டு மூளையின் மேற்புறத்தில் ஏறத்தாழ இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரையே எட்டும். அடியாழத்தில் உள்ள பகுதிகளை நேரே தொடுவதில்லை.

மற்றொரு முறை இதனினும் எளியது. ஈரப் பஞ்சுறை பொதிந்த இரண்டு தகடுகளைத் தலையில் கட்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை இருபது நிமிடம் போலச் செலுத்துவார்கள். பழைய டார்ச் விளக்கின் பல்பில் ஓடும் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் அது நூற்றில் ஒரு பங்கும் தேறாது. (மின்சாரத்தால் மனநோயைத் தீர்க்கலாமென்று இத்தாலியில் ஜியோவன்னி ஆல்டினி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முயன்றிருக்கிறார், ஆகவே ஆசை ஒன்றும் புதிதன்று.) 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்னும் இருவர் இம்முறையை அளந்து ஆராய்ந்தனர். இச்சிறு மின்னோட்டம் மூளை அணுக்களைத் தானாக இயக்குவதில்லை. இயங்குவதற்கு ஆயத்தமாக இருக்கும் நிலையைச் சற்றே கூட்டுகிறது, அல்லது குறைக்கிறது. நிலத்தை ஈரமாக்குவது போன்றதென்று கொள்ளலாம். விதை வேறு எங்கிருந்தோ வரவேண்டும். அந்த விதைதான் பயிற்சி.

இதனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியொன்று சான்று. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிச் சமநிலையில் நிற்கின்றன என்பது ஒரு கொள்கை. ஒரு பாதி நோயுற்றால், நலமுள்ள மறுபாதி அதனை அளவுமீறி அமுக்குகிறதாம். நொடிக்கு ஒன்று வீதம் மெதுவாகத் தட்டும் காந்தம் மூளையைத் தணிக்கும். விரைந்து தட்டினால் பெரும்பாலும் கிளர்த்தும். ஆகவே நலமுள்ள பாதியை மெதுவாகத் தட்டித் தணித்தால், நோயுற்ற பாதி தலைதூக்கும் அன்றோ? அழகான கருத்து. 199 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெய்க் காந்தம். மற்றவர்களுக்குப் போலிக் காந்தம். கைப்பயிற்சி மட்டும் இரு சாராருக்கும் ஒன்றே. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: மெய்க் காந்தம் பெற்றவர்களில் நூற்றுக்கு 67 பேர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர், போலி பெற்றவர்களில் 65 பேர். காந்தம் தோற்றது என்று சிலர் எழுதினர். என் கண்ணுக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது அந்த 65! நோய் கண்டு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை கடந்துவிட்ட அம்மனிதர்கள், போலிக் காந்தத்தோடும் இவ்வளவு முன்னேறினார்கள்.

கையை விட நாவின் கதை சற்று நம்பிக்கை ஊட்டுகிறது. இடப்பக்க மூளையின் முற்பகுதி சிதைந்தால் பேச்சு கெடும் என்பதைப் பாரிஸ் நகரில் பால் புரோக்கா 1861-ஆம் ஆண்டில் கண்டார். இத்தகைய நோயாளிகள் பொருளை அறிவார்கள். பெயர்தான் வாய்க்கு வாராது. அமெரிக்காவில் 74 பேரிடம் நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பேச்சுப் பயிற்சி நடக்கும்போதே மெல்லிய மின்னோட்டத்தையும் செலுத்தினர். மெய்யான மின்னோட்டம் பெற்றவர்கள் சராசரி 13.9 சொற்களைக் கூடுதலாகச் சொல்லத் தேறினர். போலி பெற்றவர்கள் 8.2 சொற்களை. இதை முடிந்த முடிபு என்று ஆராய்ந்தவர்களே கூறவில்லை. மேலும் சோதிக்கத் தக்கது என்றுதான் கூறினர்.

இங்கேதான் வெளிமாநிலத்தில் குடியேறிய நம்மவர்க்கு ஒரு தனித் தொல்லை எழுகிறது. பயிற்சி எந்த மொழியில்? நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வீட்டில் தமிழும், அலுவலகத்தில் ஆங்கிலமும், கடைத்தெருவில் இந்தியும் பேசியிருப்பார். முதலிற் கற்ற மொழியே முதலில் மீளும் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. மிகுதியாகப் பழகிய மொழியே மீளும் என்றார் பித்ரே, 1895-ஆம் ஆண்டில். இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டுக்கும் மாறான சான்றுகளும் உண்டு. ஆகவே நோயாளியைக் கவனித்துத்தான் அறியவேண்டும். பயிற்சியாளர் தேங்காயின் படத்தைக் காட்டி, ‘நாரியல்’ என்னும் சொல்லுக்காகக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். பெரியவர் ‘தே... தே...’ என்று தடுமாறினால், தமிழறியாத பயிற்சியாளர் அதைப் பிழையென்றே குறித்துக்கொள்வார். உண்மையில் அது வெற்றியின் முதற் படி. அருகில் அமர்ந்து அதை எடுத்துச் சொல்லத் தமிழறிந்த ஒருவர் வேண்டும்.

அப்படியாயின் வீட்டாரே முழுப் பயிற்சியும் தந்துவிடலாமே என்று தோன்றும். நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு இதனைச் சோதித்தார்கள். லூதியானா கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் அதனை நடத்தியவர்களுள் ஒருவர். பயிற்சி முறைகளை வீட்டாருக்குக் கற்பித்து அனுப்பியதால், ஆறு மாதத்தில் மரணமோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை என்று 2017-ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆகவே வீட்டார் பயிற்சியாளருக்கு மாற்றாகமாட்டார்கள். அவர்கள் தரக்கூடியது, பயிற்சியாளரிடம் இல்லாத ஒன்று: நோயாளியின் சொற்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்கள், சொம்பு, வெந்நீர், தயிர், மூக்குக்கண்ணாடி என நாள்தோறும் அவர் நாவிற் புழங்கிய நாற்பது ஐம்பது சொற்களை எழுதி, படங்களோடு பயிற்சியாளரிடம் கொடுக்கலாம்.

காந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அரசு 2008-ஆம் ஆண்டில் இசைவு தந்துவிட்டதே என்று யாரேனும் கூறினால், அந்த இசைவு மனச்சோர்வு நோய்க்கு உரியது என்பதை நினைவிற் கொள்க. மருத்துவமனையில் முதலிற் கேட்கவேண்டியது, தூண்டுதலோடு சேர்த்து எத்தனை மணிநேரப் பயிற்சி தருவார்கள் என்பதே. ‘பயிற்சி தேவையில்லை, கருவியே போதும்’ என்று விடை வந்தால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். தலைக்குள் உலோகத் துண்டோ, செவிக்குள் பொருத்திய கருவியோ, நெஞ்சில் பேஸ்மேக்கரோ இருப்பவர்களும், முன்பு வலிப்பு கண்டவர்களும் அதனை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். காந்தத் தூண்டுதலால் வலிப்பு வருவது மிக அரிது, ஆயினும் வந்ததுண்டு.