ஹெபடைடிஸ் பி: ஓரெழுத்து மாறினால்

செங்கண்மாரி என்றதும் திருநெல்வேலிப் பக்கத்தில் முதலில் தேடுவது கீழ்காய்நெல்லியைத்தான். 1988இல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்டகாலம் சுமந்தவர்களுக்கு இந்தப் பூண்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்புரதம் காணாமற்போனதாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நான் இங்கே கேட்பது வேறு: ஒரு புரதம் மறைந்தால் வைரஸும் போய்விட்டதென்று அர்த்தமா?

இந்த வைரஸின் மரபுச் சுவடி சுமார் 3,200 எழுத்துக்கள்தான். அதைப் பிரதி எடுக்கும் நொதியத்துக்குப் பிழை திருத்தத் தெரியாது. ஏடு பெயர்த்தவர்களால் பாடபேதம் வந்ததைப்போல, ஈரலுக்குள்ளே வருஷக்கணக்கில் பாடபேதங்கள் பெருகுகின்றன.

இன்னுமொரு விசித்திரம். மூன்று மூன்றாக வாசிக்கும் அதே எழுத்து வரிசையை ஓரிடத்தில் தொடங்கினால் மேற்புரதம். ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கினால் பிரதியெடுக்கும் நொதியம். 'பலகை'யைப் 'பல கை' என்று பிரிக்கிற பிரிமொழிச் சிலேடைதான்! அதனால் லாமிவுடின் குளிசைக்குத் தப்ப நொதியத்தில் வரும் மாற்றம், மேற்புரதத்தையும் மாற்றிவிடலாம்.

'ஈ' புரதத்தின் கதைதான் ஆபத்தானது. 1896ஆம் இடத்திலுள்ள 'ஜி' என்ற எழுத்து 'ஏ' ஆனால், நடு வாக்கியத்தில் முற்றுப்புள்ளி விழுந்தமாதிரி. ஈ புரதம் உருவாகாது. ஆனால் வைரஸ் பெருகுவது நிற்பதில்லை. உடல் ஈ புரதத்தை எதிர்க்கத் தொடங்கும்போது, அது இல்லாத வைரஸ்களே தப்பிப் பெருகுகின்றன. இந்தியாவில் அதிகமுள்ள 'டி' வகையில் இந்த மாற்றம் எளிதாக வரும்.

ஒரு மாணவரின் வாப்பா என்னிடம் கேட்டார்: "சேர், ஈ நெகட்டிவ் எண்டு வந்திருக்கு, அல்ஹம்துலில்லாஹ். இனிக் குளிசையை விடலாந்தானே?" விடக்கூடாது. வைரஸ் டி.என்.ஏ. எவ்வளவு, ஈரல் நொதியமான ஏ.எல்.டி. எவ்வளவு என்று பார்த்து, டொக்டர்தான் அதைச் சொல்லவேண்டும். தானாக நிறுத்தினால் வைரஸ் திரும்பக் கிளம்பி ஈரலைக் கடுமையாகத் தாக்கலாம்.

தடுப்பூசிக்கும் தப்பும் பாடபேதம் உண்டு. மேற்புரதத்தின் 145ஆம் இடம் மாறிய அத்தகைய வைரஸை 1990இல் இத்தாலியில் ஒரு குழந்தையிடம் கண்டறிந்ததாக எழுதினார்கள். அது அபூர்வம், ஊசியின் பலனை அது குறைத்துவிடவில்லை. இலங்கையில் குழந்தைகளுக்கு இந்த ஊசி 2003இலிருந்துதான் வழமையானது. அதற்கு முன் பிறந்த என் வயதுக்காரர் ஒருமுறையாவது இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது. வைரஸ் ஈரலில் இருந்தும் கண் மஞ்சளாகாமலே பல வருஷம் போகலாம்.