மக்காவோ: சூதாடாமல் பார்த்து வர ஒரு நகரம்

சீனாவின் குவாங்சோ நகருக்குச் சாமான் கொள்முதலுக்காகப் போய் வருவது நம் வியாபாரக் குடும்பங்களுக்குப் புதினமான விடயமல்ல. முன்னர் பெரும்பாலும் ஆண்கள்தான் போனார்கள். இப்போது பாடசாலை விடுமுறையில் மனைவியும் பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். கணவர் மொத்தக் கடைகளில் அலைந்துகொண்டிருக்கும் நாட்களில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்ற கேள்வி வரும். அப்போது யாராவது ஒருவர் மக்காவோவின் பெயரைச் சொல்வார். உடனே குடும்பத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "அது கெசினோ ஊரல்லவா, நமக்கு அங்கே என்ன வேலை?" என்பது ஒரு கட்சி. "பஸ் சும்மா, பார்ப்பதெல்லாம் சும்மா, ஒரு நாளில் போய் வந்துவிடலாம்" என்பது மற்றக் கட்சி.

இரண்டு கட்சியார் சொல்வதும் உண்மைதான் சகோதரிகளே. எது சும்மா கிடைக்கிறது, அதை யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், சூதாட்ட மண்டபத்தின் வாசற்படியை மிதிக்காமலே இந்த ஊரை மனநிறைவோடு பார்த்து வரலாம்.

முதலில் கடவுச்சீட்டு விடயம். பலர் இடறி விழுவது இங்கேதான். மக்காவோ 1999 டிசம்பர் 20ஆம் திகதி போர்த்துக்கேயரிடமிருந்து சீனாவின் கைக்குப் போனது. ஆனாலும் அதற்கென்று தனி நாணயம், தனிக் குடிவரவுச் சட்டம் இன்னும் உண்டு. சீன விசா அங்கே செல்லாது. பல நாட்டவர்கள் எந்த விசாவும் இல்லாமல் நுழைகிறார்கள். இலங்கையருக்கு அந்த வசதி இல்லை. 2010ஆம் ஆண்டு முதல் எல்லையில் போய் நின்று விசா கேட்கும் வழியும் நமக்கு மூடப்பட்டுவிட்டது. புறப்படுவதற்கு முன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். ஹொங்கொங் வழியாகப் போவதென்றால் அதற்கும் வேறு விசா. இன்னொன்றையும் கவனியுங்கள். குவாங்சோவிலிருந்து மக்காவோவுக்குள் கால் வைத்ததும் நீங்கள் சீனாவை விட்டு வெளியேறியவராகக் கணக்கிடப்படுவீர்கள். உங்கள் சீன விசா ஒரு தடவை நுழைவதற்கு மட்டும் உரியதாக இருந்தால், மாலையில் திரும்பிப் போக முடியாது. கணவர் அக்கரையில், நீங்களும் பிள்ளைகளும் இக்கரையில்! ஆகவே கொழும்பில் விண்ணப்பிக்கும்போதே இரண்டு தடவை நுழையும் விசாவாகக் கேளுங்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் தூதரகத்திலும் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விசா கையில் இருந்தால் மற்றதெல்லாம் இலகு. குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து சுஹாய் வரை கடுகதி ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். இறங்கினால் எல்லை வாயில் பக்கத்திலேயே இருக்கிறது. நடந்தே மறுநாட்டுக்குப் போய்விடலாம். ஹொங்கொங்கிலிருந்து வருபவர்களுக்குக் கப்பலும் உண்டு. 2018 ஒக்டோபரில் திறந்த 55 கிலோமீற்றர் நீளக் கடற்பாலத்தின் மேலாக ஓடும் பஸ்ஸும் உண்டு. பஸ்தான் மலிவு. இரவு தங்க நினைக்காதீர்கள். சனி, ஞாயிறும் சீனப் புத்தாண்டும் ஒக்டோபர் முதல் வாரமும் வந்தால் அறை வாடகை தலையில் ஏறிவிடும். காலையில் வந்து இரவில் திரும்புவதே நம் கைக்கு அடக்கமானது. ஊர் முழுவதும் சுமார் 33 சதுர கிலோமீற்றர்தான்.

எல்லையைக் கடந்து வெளியே வந்ததும் பளபளக்கும் பஸ் வண்டிகளைக் காண்பீர்கள். பெரிய ஹோட்டல்களின் பெயர் எழுதியிருக்கும். டிக்கட் இல்லை, கேள்வி இல்லை, குளிரூட்டிய வண்டி. ஏறினால் ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் இறக்கும். அந்த ஹோட்டல் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு சூதாட்ட மண்டபம் இருக்கிறது. பத்துப் பேரை இலவசமாக ஏற்றி வந்தால் அவர்களில் இரண்டு பேராவது மேசையில் உட்காருவார்கள் என்ற கணக்கில் ஓடும் வண்டி அது. இதில் ஏறலாமா என்று கேட்பீர்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். நகரத்தின் பொது பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் 6 பட்டாக்கா. ஒரு பட்டாக்கா, ஹொங்கொங் டொலரை விடச் சற்றுக் குறைந்த மதிப்புடையது. நான்கு பேர் கொண்ட குடும்பம் நாள் முழுக்க நாலைந்து தடவை ஏறி இறங்கினாலும் வாங்கும் ஒரு விளையாட்டுச் சாமானின் விலைக்குள் அடங்கிவிடும். பொது பஸ்ஸில் பழைய ஊரின் சந்தியில் இறங்கலாம். ஹோட்டல் பஸ்ஸோ அது நினைத்த இடத்தில்தான் இறக்கும். சில்லறையைச் சரியாக எடுத்து வையுங்கள், மிகுதி தரமாட்டார்கள்.

பழைய ஊரின் நடுவில் செனாடோ சதுக்கம் இருக்கிறது. தரையெல்லாம் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களை அலை போலப் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து மேட்டில் ஏறினால், பின்னால் ஒன்றுமில்லாமல் தனியே நிற்கும் ஒரு கல் முகப்பைக் காண்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய சென் போல் தேவாலயம் 1835இல் தீப்பிடித்து எரிந்துபோக, முன்சுவர் மாத்திரம் மிஞ்சியது. சீன எழுத்தும் போர்த்துக்கேயக் கப்பலும் ஒரே சுவரில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்து மலைக்கோட்டையிலிருந்துதான் 1622 ஜூன் 24ஆம் திகதி ஒல்லாந்தரைப் பீரங்கியால் விரட்டினார்கள். அதே ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்துக்கொண்டது பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் வரும். இவற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பழைய ஊரின் இந்தப் பகுதியை யுனெஸ்கோ 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

நடக்கும்போது கடைப் பலகைகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். போர்த்துக்கேய மொழி அங்கே இன்றும் ஆட்சிமொழிகளில் ஒன்று. சப்பாத்துக் கடைக்கு 'சப்பாத்தரியா' என்று எழுதியிருக்கும். வெதுப்பகத்தில் விற்பது 'பாவ்', நம் வீட்டுக் காலைச் சாப்பாட்டுப் பாணேதான். கதிரை, மேசை, ஜன்னல், அலுமாரி, துவாய் என்று நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் ஒரு சீனத்தியின் கடைப் பலகையில் நம் குசினிச் சொல்லைக் காண்பது தனிச் சந்தோஷம்.

அவர்கள் நமக்கு ஒரு பெயரையும் வைத்துவிட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் எல்லோரும் போர்த்துக்கேயருக்கு 'மூரோ'தான். இலங்கை அரசாங்கப் பத்திரங்களில் நம்மைக் குறிக்கும் 'மூர்' என்ற சொல்லின் ஊற்று அதுவே. 1505இல் இங்கு வந்து, 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து நம் முன்னோரை வெளியேற்றியவர்களும் அவர்களே. வெளியேறியவர்களைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான். மக்காவோவில் அதே சொல் ஒரு கட்டடத்தின் பெயராக நிற்கிறது. பொலிஸ் படைக்கு உதவியாகக் கோவாவிலிருந்து கொண்டுவந்த இந்தியப் படையினருக்காக 1874இல் வளைவுத் தாழ்வாரங்களோடு கட்டிய பாசறை அது, 'மூர்களின் பாசறை'. இன்று துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம். நகரத்தின் மறு பக்கத்தில், நீர்த்தேக்கத்தின் அருகே, 'மூர்களின் கிளைவீதி' என்று பொருள்படும் பெயருள்ள ஒழுங்கையில் ஒரு சிறிய பள்ளிவாசலும் மையவாடியும் இருக்கின்றன. ஹொங்கொங் கப்பல் துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போனால் அங்கே இந்தோனேசியப் பெண்களைக் காணலாம். வீட்டு வேலைக்கு வந்து, வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் லீவில் அங்கே ஒன்றுகூடுபவர்கள். நம் ஊர்ப் பெண்கள் வளைகுடா நாடுகளில் படும் பாட்டை அறிந்த உங்களுக்கு அவர்களோடு பேசப் பொது மொழி இல்லாவிட்டாலும் ஸலாம் போதும். லுஹரை அங்கே தொழுதுகொள்ளலாம்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. தேவாலய முகப்புக்குப் போகும் ஒடுங்கிய வீதியில் இரு பக்கமும் கடைக்காரர்கள் மாதிரி ருசி பார்க்கச் சொல்லித் துண்டு துண்டாக நீட்டுவார்கள். சிவப்புத் தகடு போல இருப்பது இறைச்சி, பெரும்பாலும் பன்றி. பக்கத்தில் நீட்டும் வாதுமை பிஸ்கட்டிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது பழைய வழக்கம். பிள்ளைகள் கை நீட்டுமுன் சொல்லி வையுங்கள். ஹலால் கடைகள் மிகக் குறைவு. பேரீத்தம்பழம், பாண், பிஸ்கட் முதலியவற்றைக் கையில் கொண்டு போவதும், காலைச் சாப்பாட்டைக் குவாங்சோவின் முஸ்லிம் நூடில்ஸ் கடையொன்றில் முடித்துக்கொள்வதும் புத்தி.

இனி, அந்த ஊரில் நான் கட்டாயம் பார்க்கச் சொல்லும் இடம் ஒரு அடகுக் கடை. சிரிக்க வேண்டாம். சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் 'தக் செங் ஒன்' என்ற பழைய கடை இருக்கிறது. 1917இல் தொடங்கியது. 2003இல் அரசாங்கம் அதைத் திருத்திக் காட்சிச்சாலையாக்கியது. வாசலைத் தாண்டியதும் ஆளுயரப் பலகை மறைப்பு ஒன்று குறுக்கே நிற்கும். நகையோடு உள்ளே நிற்பவரின் முகம் தெருவில் போகிறவருக்குத் தெரியாமலிருக்க வைத்த வெட்க மறைப்பு அது. அதற்கப்பால் கல்லாப்பெட்டி மேசை தலைக்கு மேல் உயரத்தில். ஈடு வைக்க வந்தவர் கையை மேலே தூக்கித்தான் பொருளைக் கொடுக்க வேண்டும். மேலிருந்து ஒருவர் குனிந்து வாங்கி விலை சொல்வார். பின்னால் கோட்டை போலச் சிறு துவார ஜன்னல்களோடு ஒரு கோபுரம். மாடிக்கு மாடி தட்டுகள், ஈடாக வந்த பொருட்களுக்கு. அவசரத்துக்குக் காப்பையும் மாலையையும் துணியில் சுற்றிக்கொண்டு போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே அந்தப் பலகை மறைப்பின் முன் நின்றால், அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

காட்சிச்சாலையை விட்டு வெளியே வந்து கெசினோக்கள் இருக்கும் வீதியில் நடந்தால், காசைக் கவ்விய வௌவால் உருவில் மின்விளக்குப் பலகைகள் எரியும். அவை இன்றும் நடக்கும் அடகுக் கடைகள். கண்ணாடிக்குள் கைக்கடிகாரமும் தங்கமும். வெட்க மறைப்பு மட்டும் இப்போது பல கடைகளில் இல்லை.

இந்த ஊர் எவ்வளவு பணம் புரளும் ஊர் என்பதற்கு ஒரே கணக்குப் போதும். 2013இல் இங்குள்ள கெசினோக்களின் வருமானம் ஏறத்தாழ 4,500 கோடி அமெரிக்க டொலர், லாஸ் வேகாஸ் கெசினோ வீதியைப் போல ஏழு மடங்கு. அதில் பெரும் பங்கை அரசாங்கம் வரியாக எடுக்கிறது. 2008 முதல் நிரந்தரவாசிகளுக்கு ஆண்டுதோறும் ரொக்கமே பகிர்கிறது, பின்னாளில் 10,000 பட்டாக்கா வரை. கொரோனா வந்த 2020இல் அந்த வருமானம் ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்காக விழுந்தது. நாம் நடக்கும் அலைக்கல் தரைக்கும் காட்சிச்சாலைக்கும் இந்த வரிப்பணம்தான். ஆகவே 6 பட்டாக்கா பஸ்ஸில் போனவர் முற்றாகத் தப்பிவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த அரசாங்கம் தன் சொந்த மக்களை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சூதாட்ட மண்டபத்துக்குள் நுழையக் கூடாது. அரச ஊழியர் சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாட்களைத் தவிர வேறு நாளில் நுழையக் கூடாது. 2019 டிசம்பர் முதல், சீட்டுப் பகிரும் கெசினோ ஊழியர்களுக்கும் வேலை நேரத்துக்கு வெளியே தடை. உள்ளே நடப்பதை நன்கு அறிந்தவர்களுக்கே தடை! அந்த ஊர் கெசினோ நிறுவனமொன்று கைகோத்த ஹோட்டல் 2025இல் கொழும்பிலும் திறந்துவிட்டதால், இந்தச் செய்தி நமக்குத் தூரத்துச் செய்தியல்ல.

மாலையில் பிள்ளைகள் கேட்டால், கடலை நிரப்பி உண்டாக்கிய கோட்டாய்ப் பகுதிக்குப் பொது பஸ்ஸில் போங்கள். 2007இல் திறந்த வெனீசியன் ஹோட்டலின் கடைத்தொகுதிக்குள் கால்வாய் ஓடுகிறது, மேலே தீட்டிய வானம் எந்நேரமும் வெளிச்சமாகவே இருக்கும். கெசினோ மண்டபம் தனியே, காவலாளியோடு இருக்கிறது. உள்ளே நேரம் தெரியாது. அஸர் தவறிப்போகாமல் உங்கள் கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

திரும்புமுன் பையைத் தட்டிப் பார்த்து மிகுந்த பட்டாக்காவைச் செலவழித்துவிடுங்கள். எல்லைக்கு அப்பால் அதைக் கடைகளில் வாங்கமாட்டார்கள். சுஹாய் எல்லை வாயில் இரவு ஒரு மணி வரை திறந்திருக்கும். ஆனால் குவாங்சோவுக்கான கடைசி ரயில் அதற்கு வெகு முன்னரே போய்விடும்.