திரை கெடவில்லை, அளவுதான் மாறியது!

தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகே கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று திரையரங்குகள். கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானவை. நாகர்கோவில் ரயிலுக்கு நேரமிருந்தால் ஒரு படம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காத தமிழர் இங்கு குறைவு.

படச்சுருள் ஓடிய காலத்தில் தியேட்டர் ஆபரேட்டருக்கு ஒரு வேலை உண்டு. சாதாரணப் படம் என்றால் திரையின் ஓரங்களைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். சினிமாஸ்கோப் என்றால் துணியை விலக்கி, லென்சையும் மாற்ற வேண்டும். தமிழில் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்', மலையாளத்தில் 1978-ல் வந்த 'தச்சோளி அம்பு' ஆகியவை முதல் சினிமாஸ்கோப் படங்கள். லென்சை மாற்ற மறந்தால் கதாநாயகன் ஒட்டடைக் கம்பு போல நீண்டு தெரிவார்!

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்.

புள்ளிக் கணக்கு

கம்ப்யூட்டர் திரை புள்ளிகளால் ஆனது. இன்றைய திரைகள் பலவற்றில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080. மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். பழைய விளையாட்டுகள் பல 640-க்கு 480 என்ற அளவில் எழுதப்பட்டவை. சுமார் 3 லட்சம் புள்ளிகள்தான். ஆகவே அவை தொடங்கும்போது திரையின் அளவைத் தாமே குறைத்துக்கொள்கின்றன, முடியும்போது திருப்பிவிடுகின்றன. ஆபரேட்டர் இல்லாமலே லென்ஸ் மாறுகிறது!

சிக்கல் எங்கே? விளையாட்டு நடுவில் நின்றுபோனால், திருப்பிவிட ஆளில்லை. எழுத்துகள் பூதாகாரமாகத் தெரியும். பையன் மானிட்டரைக் கெடுத்துவிட்டான் என்று அவன் முதுகில் இரண்டு வைத்து, மாதக் கடைசியில் கடன் வாங்கி ரிப்பேர் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு.

செலவில்லாத வைத்தியம்

முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால், விண்டோஸ் திரையின் காலி இடத்தில் மவுசின் வலது பொத்தானை அழுத்தி, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' சென்று, 'ரெக்கமண்டட்' என்று எழுதியிருக்கும் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். தவறான அளவைத் தொட்டுவிட்டாலும் பயமில்லை. சம்மதம் சொல்லாவிட்டால் 15 விநாடியில் பழைய அளவே வந்துவிடும்.

பழைய விளையாட்டு திறக்கவே மறுத்தால், அதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'கம்பேட்டிபிலிட்டி' என்ற தாளில் 640-க்கு 480 என்ற கட்டத்தில் குறியிடலாம். பிறகு அந்த விளையாட்டுக்கு மட்டும் அளவு தானாக மாறும்.

புது விளையாட்டு தள்ளாடினாலும் உடனே புது மெஷின் வாங்க வேண்டியதில்லை. விளையாட்டின் அமைப்பிலேயே அளவை 1280-க்கு 720 ஆக்கினால், புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. வேகம் பெரும்பாலும் கூடும். படம் சற்று மங்கும், அவ்வளவே.

பர்சைத் திறக்கும் முன் 'செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறப்பது நல்லது. பையனின் முதுகும் தப்பும்!