விற்பனை வரியும் கிராம மக்களும்

விற்பனை வரி நம் மாநிலத்திற்குப் புதியதன்று. மதுவிலக்கினால் குறைந்த வருவாயை ஈடுசெய்ய, 1939-ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்களின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் இவ்வரியை விதித்தது. பின்னர் 1959-ஆம் ஆண்டுச் சட்டமும், 2007-இல் மதிப்புக் கூட்டு வரியும் வந்தன. 2017 ஜூலை 1 முதல், பெட்ரோல், டீசல், மது முதலிய சில நீங்கலாக, சரக்கு மற்றும் சேவை வரியே நடைமுறையில் உள்ளது.

திருநகரைச் சூழ்ந்த ஊர்களின் உழவர், தம் நிலத்தில் விளைந்த நெல்லையோ மல்லிகையையோ விற்பதற்குப் பதிவு பெற வேண்டுவதில்லை. பொருள் மட்டும் விற்கும் வணிகர், ஆண்டு விற்பனை ரூ.40 இலட்சத்தைத் தாண்டினால், பொதுவாகப் பதிவு செய்தல் வேண்டும். மாதந்தோறும் கணக்குக் காட்டுவோர், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வரி செலுத்தல் வேண்டும்; தவறினால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி சேரும்.

பதிவு பெறாத வணிகரும், இணக்க முறையில் வரி செலுத்தும் சிறு வணிகரும் வாங்குவோரிடம் வரி வசூலித்தல் கூடாது. ஆகவே உரமோ கருவியோ வாங்குகையில் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். வரி சேர்த்திருந்தால் 15 இலக்கப் பதிவு எண்ணையும் பாருங்கள்.

ஊராட்சியாருக்கும் ஒரு கடமை உண்டு. வரி நீங்கலாக ரூ.2.5 இலட்சத்திற்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில், பொதுவாக 2 விழுக்காட்டைப் பிடித்து, அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்துதல் வேண்டும். தாமதித்தால் வட்டிச் சுமை ஊராட்சியையே சாரும். ஊர்ப் பொதுப்பணம் இவ்வாறு வீணாகாமல் காப்பது உறுப்பினர்களின் பொறுப்பாகும்.