நாய்க்கடி இழப்பீடு

நாய்க்கடி இழப்பீடு என்பது நாய் கடித்ததால் ஒருவருக்கு ஏற்படும் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி, ஊனம் ஆகியவற்றுக்காக, அந்நாய்க்குப் பொறுப்பானவர் சட்டப்படி செலுத்த வேண்டிய தொகை ஆகும். இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. எனவே கடித்த நாய் யாருடையது என்பதே வழக்கின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

வளர்ப்பு நாய்

உரிமையாளர் மீதான இழப்பீட்டு வழக்கு தீங்கியல் சட்டத்தின் கீழ் வரும். இது ஆங்கிலேயப் பொதுச்சட்டத்திலிருந்து பெறப்பட்டது. அதன்படி புலி, கரடி போன்ற காட்டு விலங்கை வைத்திருப்பவர் அது விளைவிக்கும் தீங்குக்கு எந்நிலையிலும் பொறுப்பாவார். நாயோ வீட்டு விலங்கு. ஆகவே அது கடிக்கும் இயல்புடையது என்பதை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டும். அல்லது வாயிற்கதவைத் திறந்து போட்டது, சங்கிலியில் கட்டாதது போன்ற கவனக்குறைவை நிறுவ வேண்டும். இங்கிலாந்து 1971-இல் விலங்குகள் சட்டம் இயற்றி இவ்விதிகளைத் திருத்திக்கொண்டது. இந்தியா அவ்வாறு செய்யவில்லை.

குற்றவியல் பொறுப்பு தனியானது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவில் அபராத வரம்பு ரூ. 1,000 மட்டுமே. இப்பிரிவு 'உரிமையாளர்' என்று கூறாமல், விலங்கைத் 'தன் வசம்' வைத்திருப்பவர் என்றே கூறுகிறது.

தெரு நாய்

2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை. அதில் தவறியதாகக் கூறி, அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கேரளத்தில் கோரிக்கைகளை ஆராய உச்ச நீதிமன்றம் 2016-இல் நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் குழு அமைத்தது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் 2023-இல் பற்குறி ஒன்றுக்குக் குறைந்தது ரூ. 10,000, சதை பிய்ந்திருப்பின் 0.2 செ.மீ.க்குக் குறைந்தது ரூ. 20,000 என வரையறுத்தது. இக்கணக்கு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டாகச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவே.

சேர்வராயன் மலையில்

ஏற்காட்டைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில் காவல் நாய்கள் வளர்க்கப்படுவதுண்டு. நாய் காவலாளியின் வசம் இருக்கும். உரிமையாளர் வெளியூரில் இருக்கலாம். பணியின்போது காவலாளி செய்த கவனக்குறைவுக்கு அவரை அமர்த்தியவரும் பொறுப்பாவார் என்பதால், தோட்ட உரிமையாளர் ஊரில் இல்லாதது வழக்கிற்குத் தடையன்று.

கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அறிகுறி தோன்றிய பின் வெறிநோயிலிருந்து பிழைப்பது மிக அரிது. ஆழமான காயத்துக்கு நோயெதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. அது ஏற்காட்டில் கிடைக்காவிடில் ஏறத்தாழ 30 கி.மீ. கீழே சேலத்துக்குச் செல்ல நேரும். அப்பயணச் செலவும் இழப்பீட்டில் கோரத்தக்கதே. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், தடுப்பூசி அட்டை, காவல் நிலையப் புகார் இரசீது ஆகியவையே பின்னர் முதன்மைச் சான்றுகளாகும். கடிபட்டவர் இறந்தால் 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டப்படி குடும்பத்தினர் வழக்குத் தொடரலாம்.

இம்மலையில் வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர் ஆவர். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறலாம். இதற்குச் சேலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.