முதுகெலும்பு வளைவுக்கு எண்ணெய் தடவலாமா? வலி குறையும்; வளைவு நிமிராது!

நாகர்கோவில்,

பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்க அளவு எடுக்கும்போது டெய்லர்தான் பல வீடுகளில் முதலில் கண்டுபிடிப்பார். "பாப்பாவுக்கு ஒரு பக்கம் தோள் ஏறி இருக்கே, கவனிச்சீங்களா?" என்பார். உடனே வீட்டில் பிள்ளைக்கு திட்டு விழும். "புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று அம்மா சத்தம் போடுவார். அடுத்த வாரமே ஆசானிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு தடவ ஏற்பாடு நடக்கும்.

திட்டு வாங்கிய பிள்ளை பாவம். புத்தகப் பையால் இது வருவதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக் கொள்வதற்கு பெயர் ஸ்கோலியோசிஸ். 10 பேருக்கு இருந்தால் அதில் 8 பேருக்கு காரணமே தெரியாது. 10 வயதுக்கு மேல் பிள்ளைகள் மளமளவென்று வளரும் பருவத்தில்தான் பெரும்பாலும் வெளியே தெரியும். வளைவு பெரிதாகிக்கொண்டே போவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையை இரண்டு காலையும் சேர்த்து நிற்கச்சொல்லி, முட்டியை மடக்காமல் முன்னால் குனியச்சொல்ல வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடு தட்டித் தெரியும். அப்படி தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் வளைவை டிகிரி கணக்கில் அளப்பார்கள். 10 டிகிரி, அதற்கு மேல் என்றால்தான் ஸ்கோலியோசிஸ்.

எங்கே வலிக்கிறது?

வளைந்த முதுகில் ஒரு பக்கத்து தசை எப்போதும் இழுபட்டே இருக்கும். இன்னொரு பக்கத்து தசை சுருங்கி இறுகிப்போகும். உடம்பை நேராக நிறுத்த இரண்டும் நாள் முழுக்க மல்லுக்கட்டுகின்றன. சிறுவயதில் பலருக்கு வலியே இருக்காது. வயது ஏற ஏறத்தான் தெரியும். பீடி சுற்ற குனிந்து உட்காருபவர்கள், தையல் மெஷினில் இருப்பவர்கள், முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு சாயங்காலம் ஆனால் தோள்பட்டைக்கு கீழேயும் இடுப்பிலும் கல் மாதிரி இறுகிவிடும்.

இந்த இறுக்கத்துக்கு கை வைத்தியம் நிஜமாகவே சுகம் தரும். சித்த மருத்துவத்தில் இதற்கு தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று 9 வகை உண்டு. இளஞ்சூடான எண்ணெயை தடவி, எலும்பை விட்டு இரண்டு பக்க தசையை மட்டும் மெதுவாக அழுத்தி விட்டால் ரத்த ஓட்டம் கூடி தசை இளகும். அன்று ராத்திரி நன்றாக தூக்கம் வரும். சில மணி நேரமோ, சில நாளோ நிம்மதி. அப்புறம் மறுபடியும் இறுகும். பிசியோதெரபியில் சொல்லித்தரும் உடற்பயிற்சியையும் சேர்த்து செய்தால்தான் பலன் நிற்கும். ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட்டுக்கும் இதே வளைவு உண்டு. முதுகு, வயிற்று தசைகளை பலப்படுத்தித்தான் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார்.

போர்டை நம்பலாமா?

"வளைந்த முதுகை நிமிர்த்திக் காட்டுகிறோம்" என்று போர்டு வைத்திருப்பவர்களிடம்தான் சிக்கல். தடவினால் எலும்பு நிமிரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. தசை இளகியதும் ஆள் கொஞ்சம் நேராக நிற்பார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயை காட்டினாலும் உஷாராக இருக்க வேண்டும். நிற்க வைத்து எடுத்ததைவிட படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு குறைவாகத் தெரியும். அதுவுமில்லாமல் ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். "4 டிகிரி குறைஞ்சிருக்கு" என்றால் ஒன்றும் குறையவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காசு போனால் சம்பாதித்து விடலாம். வளரும் வயது போனால் வராது. வளைவு 25 டிகிரியை தாண்டி, வளர்த்தியும் பாக்கி இருந்தால் பிரேஸ் என்ற பிளாஸ்டிக் கவசம் போடச்சொல்வார்கள். தினமும் 18 மணி நேரமாவது மாட்ட வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்கு போகாமல் நின்றது. போடாதவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான் அப்படி நின்றது. வளர்ந்து முடித்த பிறகு பிரேஸ் போட்டு பிரயோஜனம் இல்லை. 50 டிகிரியை தாண்டிவிட்டால் ஆபரேஷன் பேச்சுதான். ஆசானிடம் 6 மாதம், இன்னொரு ஆசானிடம் 6 மாதம் என்று அலைந்தால் அந்த நல்ல நேரம் அதிலேயே கரைந்துபோகும்.

யாருக்கு கூடாது?

முதுகில் ஏறி மிதிப்பது, சடக்கென்று முறுக்கி நெட்டி எடுப்பது, கழுத்தை திருப்புவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மேடு தட்டிய விலா எலும்பை கையால் அமுக்கி உள்ளே தள்ளப் பார்ப்பதும் ஆபத்து. எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கு பலமாக அழுத்தினாலே எலும்பு விட்டுவிடும். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தவர்கள் டாக்டரை கேட்காமல் முதுகில் கை வைக்க விடக்கூடாது.

கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, ராத்திரியில் தூக்கத்தை கலைக்கும் வலி இருந்தால் தடவுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

மற்றபடி முதலில் அரசு ஆஸ்பத்திரி எலும்பு பிரிவில் எக்ஸ்ரே பார்த்து டிகிரியை தெரிந்துகொண்டு, அப்புறம் வலிக்கு தடவிக்கொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவும் இருக்கிறது. பிரேஸ் போடும் பிள்ளைக்கு எண்ணெய் தடவினால் நன்றாக கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் மாட்டிவிட வேண்டும். எண்ணெய் பிசுக்கோடு மாட்டினால் தோல் ஊறி புண்ணாகிவிடும். அப்புறம் பிள்ளை பிரேஸ் பக்கமே போகாது.